பதினோரு நாள் சேறு

கனகபுரா ரோட்டில் ஒரு கல்யாணப் புல்வெளி.
முந்தின நாள் மழை இன்னும் கிளம்பிப் போகவில்லை.
என் பிக்கப்பின் முதுகில் மூன்று நடமாடும் கழிவறைகள்,
மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நீலத்தில்.
இடது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டு சுற்றியது.
வலது, இது யார் வண்டியோ என்று நின்றது.
பந்தி பரிமாற வந்த எட்டுப் பையன்கள் தள்ளினார்கள்.
அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளின்
சலவைக்கு நான் கொடுத்தது நானூறு.

மறுநாள் ஜே.சி. ரோடு.
முனவ்வர் கடையில் கழற்றி வைத்த டிஃபரன்ஷியல் ஒன்று.
"பாருங்கக்கா" என்று ஒரு பக்கத்தைப் பிடித்துச் சுற்றினார்.
மறுபக்கம் இரண்டு மடங்கு ஓடியது.
"எங்க சுலபமோ அங்கதான் போகும் இது.
தரையைப் பிடிச்சிட்டு நிக்கிற சக்கரத்தக் கண்டுக்கவே கண்டுக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, யாரென்று சொல்லமாட்டேன்.

வெல்டு வைத்தால் ரெண்டாயிரம்.
பல்லோடு பல் ஒட்டிவிட்டால் பேச்சே இல்லை.
ஆனால் மார்க்கெட் சர்க்கிளின் ஒவ்வொரு திருப்பத்துக்கும்
டயர் கொஞ்சம் ரப்பரைத் தார்ச்சாலைக்கு மொய் எழுதும்.
ஒருநாள் ஆக்சில் முறியும்.
எந்த நாள் என்று சொல்லிவிட்டா முறியும்?

காற்றில் பூட்டுவது, கம்ப்ரசர், குழாய், சுவிட்சோடு
லட்சத்து இருபதாயிரம்.
தட்டினால் பூட்டு, தட்டினால் திறப்பு.
அந்தக் காசுக்கு இன்னும் மூன்று கழிவறை வாங்குவேன்.

கிளட்ச் தட்டு வைத்தது பாதி பிடிக்கும், பாதி விடும்.
ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் கைவிரிக்கும்.

பிறகு அந்தச் சின்ன டப்பா லாக்கர்.
பழைய கூடு அப்படியே இருக்கும்,
உள்ளேயிருக்கும் குட்டிப் பல்சக்கரங்களுக்குப் பதில் இது.
புதுசு இருபத்தெட்டு. கழற்றியது பதினாறரை.
"திரும்பும்போது டக் டக்குனு பேசும், பயப்படாதீங்க.
மழையில மேம்பால வளைவுல மட்டும் மிதிக்காதீங்க,
பின்னாடி வால் ஆட்டும்."

பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
போன வருடம் சேற்றில் இறங்கியது பதினோரு நாள்.
மீதி முந்நூற்று ஐம்பத்து நான்கும்
ஓசூர் ரோடு, ரிச்மண்ட் டவுன், பள்ளம்,
மெட்ரோ தூணைச் சுற்றி ஒரு யு-டர்ன்.
திருப்பத்தில் வெளிச்சக்கரத்துக்குத் தூரம் அதிகம்.
நீ முன்னால் போ, நான் மெதுவாக வருகிறேன் என்று
உள்சக்கரம் சொல்வதற்காகத்தான் அந்தப் பெட்டியே.
ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது.

முனவ்வரே விற்பனையைக் கெடுத்துக்கொண்டார்:
"மொதல்ல ஹேண்ட் பிரேக்கை மூணு பல் இழுத்துப் பாருங்க.
சுத்துறதைக் கொஞ்சம் கண்டிக்கும்,
நிக்கிறதுக்குக் கொஞ்சம் போகும். காசில்லாத லாக்கர்."

ககலிபுராவில் இழுத்தேன், ஏறிவிட்டது.
தாவரெகெரெயில் இழுத்தேன், முனகி முனகி ஏறிவிட்டது.
பிடதியில் டிராக்டர்காரர் ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்,
கழிவறை வண்டி என்று தெரிந்ததும் இரண்டாயிரம்.
கயிற்றை அவர் தொடவில்லை. நான்தான் கட்டினேன்.

திங்கட்கிழமை பதினாறரையை எண்ணி வைத்தேன்.

அன்றிரவு லிங்கராஜபுரம் முனையில் திரும்பும்போது
பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலுவைமுத்து,
எங்கள் கணக்குப்பிள்ளை, என் கணவர்,
காதைச் சாய்த்தார்.
"என்ன சத்தம்?"
"பதினாறாயிரத்து ஐந்நூறு."
அடுத்த திருப்பம் வரை அவர் பேசவில்லை.
அடுத்த திருப்பத்தில் அது பேசியது.

அதற்குப் பிறகு ஏழு கல்யாணம், ஒரு கட்சிக் கூட்டம்.
வானம் துடைத்து வைத்த தட்டாகக் கிடக்கிறது.
புல்வெளியில் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்.
காய்ந்த தாரில், ஒவ்வொரு யு-டர்னிலும்
டக், டக், டக் என்று
எதையோ எண்ணிக்கொண்டே வருகிறது வண்டி.